அடியில் அவர் எழுதும் வரி

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம், நலமாக இருக்கிறோம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? ஆலையில் உன்னோடு வேலை பார்த்தவள் கொடுத்த தைலத்தைத் தேய்த்துக்கொள். அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

படகில் நாலு மணி நேரம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் குமட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அடியில் எழுதும்போது இதைப் படித்துவிடுவார், படிக்கட்டும்.

அறை மாடியில். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பின்வீட்டுத் தகரக் கூரை. கடல் தெரிய வேண்டுமானால் நாற்காலி மேல் ஏறி நிற்க வேண்டும். கீழே வாடகை வண்டிக் கடை. அதை நடத்துவது ஐம்பது வயதுப் பெண். முழங்கை வரை கிரீஸ். வண்டிக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவளிடம் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கிறோம். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் புத்தி எங்கே போகும்? டயரை அழுத்தி, செயினை இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, ஒரு மணி நேரம் சோதனை. கடைசியில் வண்டிக்காரம்மா, "சார், வண்டி எடுக்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நான் சிரித்தேன். அவர் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீவைச் சுற்றி ஒரே சாலை, எழுபது கிலோமீட்டர். காலையில் ஏறினால் மூன்று மணி மழைக்குத்தான் இறங்குகிறோம். சில இடங்களில் சின்னச் சின்ன நண்டுகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கின்றன. அவர் வண்டியை நிறுத்தி, கடைசி நண்டு போகும்வரை காத்திருக்கிறார். மற்றபடி நான் தீவைப் பார்த்ததைவிட அவர் சட்டைக் காலரைத்தான் அதிகம் பார்த்தேன். பின்பக்கம் நைந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் திருப்பித் தைக்க வேண்டும்.

வழியில் பேசினீர்களா என்று கேட்பாய். காற்றுச் சத்தத்தில் என்ன பேசுவது அக்கா.

வழக்கம்போல அடியில் இடம் விட்டு அவரிடம் கொடுக்கிறேன்.

உன் சின்னவள்

*அக்கா, நலம். வண்டியின் பின் பிரேக் சரியில்லை.*

---

மார்ச் 13

என் சின்னவளுக்கும் மாப்பிள்ளைக்கும்,

அக்காவின் ஆசி. கால் பரவாயில்லை. காது பழையபடிதான், போனது போனதுதான். போனில் செய்தி அனுப்பாமல் காகிதத்தில் எழுதியதற்குச் சந்தோஷம். போன் எழுத்து எனக்கு எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது.

காற்றுச் சத்தத்தில் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறாய். வீட்டில் என்ன சத்தம் இருந்தது சொல்? இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் நீங்கள் இரண்டே பேர். நான் வந்து உட்கார்ந்தால் எனக்குக் காது கேட்காத குறையே தெரிவதில்லை. மூன்று பேரும் செவிடு மாதிரி சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்போம். இப்படியே விட்டால் ஒருநாள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவீர்கள் என்று பயந்துதான், "ரெண்டு பேரும் ஒரே வண்டியில எங்கயாவது சுத்திட்டு வாங்க" என்று பிடுங்கி எடுத்தேன். ஒரே வண்டி என்றால் ஒட்டிக்கொண்டுதானே உட்கார வேண்டும், ஒரு வார்த்தையாவது வாயிலிருந்து விழாதா என்று பார்த்தேன்.

மாப்பிள்ளைக்கு ஒன்று. பின் பிரேக்கைப் பற்றி எனக்கு எழுதி என்ன பயன்? பின்னால் உட்கார்ந்திருப்பவளிடம் சொல்லுங்கள்.

விடுமுறை பத்து நாள்தானே. வரும்போது படகில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொல்.

அக்கா

---

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் நேற்று வந்தது. கால் பரவாயில்லை என்றால் இன்னும் வலிக்கிறது என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா?

ஒரு சேதி. இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். டிரைவிங் ஸ்கூல் கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்களாம், அவருக்கு இப்போது அங்கே வேலை இல்லை. நானும் அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிப் போட்டுவிட்டேன். எத்தனை வருடம்தான் தட்டச்சு செய்துகொண்டே இருப்பது? இந்த விடுதியில் விரிப்பும் தலையணை உறையும் மடித்துக் கொடுத்தால் அறையை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

நேற்று கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். நூற்று நாற்பது படி. மேலே போனால் தீவு முழுதும் தெரிகிறது, இவ்வளவு சின்னதா என்று இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். கால் கடுத்துக் கீழே வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

அவர் ரொம்பக் களைத்திருக்கிறார். அதனால் ஒரு வரிதான் எழுதுவார்.

உன் சின்னவள்

*அக்கா, நலம். இவளுக்குக் கடல் பிடித்திருக்கிறது. அதனால் அவசரமில்லாமல் இருக்கிறோம்.*

---

மார்ச் 25

அக்காவுக்கு வணக்கம்.

இதை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்வதென்றால் கத்த வேண்டும். இது தெருவுக்குக் கேட்கிற விஷயமில்லை. அதனால் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

நான் 14ஆம் தேதியே ஊர் வந்துவிட்டேன். வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். அவள் வரவில்லை.

12ஆம் தேதி பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அவள் இறங்கினாள். பெட்ரோல் போட்டதும் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாமா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. எப்போதும் வராது. எடுத்துவிட்டேன்.

பதினோரு கிலோமீட்டர் போனேன் அக்கா. மேடு வந்தது, வளைவு வந்தது. வண்டி லேசாக ஓடியது. என்ஜின் இன்று நன்றாக இழுக்கிறது என்று நினைத்தேன். படகுத்துறையில் நிறுத்தி, "எறங்கு" என்றேன். இறங்க ஆளில்லை.

கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதே என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன் நான். பதினோரு கிலோமீட்டரில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

திரும்பிப் போனேன். பங்க் ஓரத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பதற்றம். வாயில் வந்தது, "எறங்கினா சொல்ல வேணாமா?" அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "நீங்க போங்க, நான் வரலை" என்றாள். அன்றைக்கு வரவில்லை என்கிறாள் என்று நினைத்தேன். ஊருக்கே வரவில்லை.

வாரம் ஒருமுறை போன் செய்கிறேன். சாப்பிட்டாயா என்கிறேன். சாப்பிட்டேன் என்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்குத் தெரியக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

அக்காவின் ஆசி. நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று எழுதியிருந்தாய், அதைப் படித்து நிம்மதி.

டிரைவிங் ஸ்கூலை இடித்துக் கட்டுவதாக எழுதியிருந்தாய். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, இடிக்கிற சத்தமே கேட்கவில்லை. எனக்குத்தான் எதுவும் கேட்காதே. ஆனால் எல் போர்டு மாட்டிய கார் மட்டும் என் ஜன்னல் வழியாகத் தினமும் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது யாரோ புது ஆள் போலிருக்கிறது. நம் மாப்பிள்ளை மாதிரியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார். கொஞ்சம் இளைத்தும் இருக்கிறார், பாவம்.

மாப்பிள்ளை எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடத்தில் அவர் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதியது இதுதான் முதல் தடவை. கடல்காற்று அவருக்கு ஒத்துக்கொள்கிறது. இன்னும் எழுதச் சொல்.

எனக்கு எதையும் ஒளிக்காமல் எழுதுகிறாய், அது போதும்.

அக்கா

---

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். எல் போர்டு கார் பற்றி எழுதியிருந்தாய். ஸ்கூலில் யாரையாவது தற்காலிகமாக வைத்திருப்பார்கள்.

உனக்கு ஒரு ஆச்சரியம். நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன்! அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காலையில் வண்டிக்கடைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஒரு வாரம் எட்டுப் போட்டேன். கிளட்சை விடும்போது வண்டி துள்ளிக்கொண்டே நின்றுவிடும். அவர் ஒருமுறைகூடக் கத்தவில்லை. "பரவால்ல, மறுபடி எடு" என்றுதான் சொன்னார். நாலாம் நாள் சறுக்கி விழுந்து முழங்காலில் தோல் உரிந்தது. இப்போது உனக்கும் எனக்கும் ஒரே கால் வலி.

பிறகு சாலைக்கு வந்தேன். நாற்பத்தேழு வயதில் முதல் முறையாக ஒரு ஊரை யாருடைய முதுகும் மறைக்காமல் பார்க்கிறேன். கிழக்குப் பக்கம் மண் சரிந்து பாதிச் சாலையை மூடியிருக்கிறது, அங்கே காலை ஊன்றி ஊன்றித்தான் போக வேண்டும். குன்றுக்கு மேலே ஒரு சின்ன ஏரி. உப்புக்காற்றில் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது, தினமும் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். நண்டுகள் வந்தால் நானும் நிறுத்துகிறேன்.

விரிப்பு மடிக்கிற வேலை கையை ஒடிக்கிறது. ஒரு நாளைக்கு அறுபது விரிப்பு. ஈரமாக இருந்தால் இரட்டைக் கனம்.

உன் சின்னவள்

*அக்கா, இவள் நன்றாக ஓட்டுகிறாள். முதலிலேயே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது.*

---

மே 15

மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். உங்கள் மனைவியும் "நீங்களும்" தீவிலிருந்து எழுதிய இரண்டு கடிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுதும் படிக்க வேண்டாம், அது அக்கா தங்கை விவகாரம். அடியில் நீங்கள் எழுதிய வரியை மட்டும் படியுங்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். பேச வேண்டாம், எப்படியும் எனக்குக் கேட்காது.

அக்கா

---

மே 24

அக்காவுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நன்றி. உங்கள் வாசல் படியில் ஒரு கல் ஆடுகிறது, அடுத்த வாரம் வந்து பூசிக் கொடுக்கிறேன்.

கடிதங்களைப் படித்தேன். மன்னிக்கவும், முழுதும் படித்துவிட்டேன். அந்த இரண்டு வரியும் நான் எழுதியதில்லை. எழுதியிருக்கலாம்.

கல்யாணமான இரண்டாம் வருடம் எனக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிளட்சை டக்கென்று விட்டுவிட்டாள். மற்றவர்கள் முன்னால், "உனக்கெல்லாம் இது வராது, எறங்கு" என்று கத்தினேன். இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை, நானும் அதை மறந்துவிட்டேன். அவள் கடிதத்தில், ஒருமுறைகூடக் கத்தவில்லை என்று எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

வந்த புதுசில் அவள் நிறையப் பேசுவாள். எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.

அங்கே போய் நின்றால் என்ன சொல்வது என்று தெரியவில்லை அக்கா. போன முறை மாதிரி வாயில் வேறு எதாவது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடிதங்கள் என்னிடமே கொஞ்ச நாள் இருக்கட்டும்.

---

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் எழுதி இரண்டு மாதமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்பு சரியில்லையா என்று பயந்து, வண்டிக்காரம்மாவிடம் புலம்பித் தீர்த்தேன். போன வாரம் அவரிடம் போனில் கேட்டேன், "அக்கா நல்லா இருக்காங்க, போன ஞாயித்துக்கிழமை பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, அவசரமாகப் பேச்சை மாற்றினார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உனக்கு எல்லாம் தெரியும்.

அதனால் இனிமேல் "நாங்கள்" வேண்டாம். நான் மட்டும்தான் இங்கே இருக்கிறேன். மார்ச் 14 முதல். கலங்கரை விளக்கத்துக்கு நான் தனியாகத்தான் ஏறினேன். ஓட்டச் சொல்லிக்கொடுத்தது வண்டிக்காரம்மா. "பரவால்ல, மறுபடி எடு" என்று சொன்னதும் அவள்தான். அவள் அதைச் சொன்னபோது மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியாமல் முழங்காலுக்கு மருந்து எடுக்க ஓடினாள்.

நீ ஆசையாக அனுப்பினாய். ஒரு வாரத்தில் முறித்துக்கொண்டு நிற்கிறேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதினேன். இரண்டு பேராக எழுதுவது அறுபது விரிப்பு மடிப்பதைவிடக் களைப்பாக இருக்கிறது அக்கா. அவர் வரியை எழுத உட்கார்ந்தால் மட்டும் கை நிற்காது. இன்னும் எழுதலாம் போல இருக்கும்.

பங்கில் நடந்ததை அவர் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அவர் "கிளம்பலாமா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நான் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன். "இருங்க, நான் இன்னும் ஏறல" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. எவ்வளவு தூரம் போவார் பார்க்கலாம் என்று நின்றேன். வளைவில் திரும்பும்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு மேட்டில். பிறகு சத்தமும் கேட்கவில்லை. அந்தக் கல்மேல் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில், அவர் என்னை விட்டுவிட்டுப் போனது இன்றைக்கா, அதற்கு முன்னாலேயா என்றுதான் யோசித்தேன். என் வாயை நான் எப்போது மூடினேன் என்றும் யோசித்தேன்.

கோபம் போய்விட்டது. சோர்வுதான் இருக்கிறது. திரும்பி வர வேண்டும் என்றும் தோன்றவில்லை, வரவே கூடாது என்றும் தோன்றவில்லை. தீவை இருபது முறை சுற்றிவிட்டேன். எங்கே போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

பழக்க தோஷத்தில் அடியில் இடம் விட்டுவிட்டேன். எழுத ஆளில்லை.

உன் சின்னவள்

---

ஜூலை 15

என் சின்னவளுக்கு,

அக்காவின் ஆசி. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சொன்ன பொய்க்கு நானும் பொய்யாகவே பதில் எழுதி அலுத்துவிட்டது, அதுதான் நிறுத்தினேன். உன்னைக் கவலைப்பட வைத்தது தப்புத்தான்.

மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஞாயிறுதோறும் வருகிறார். படிக்கல்லைப் பூசினார், ஜன்னல் கொக்கியை மாற்றினார், இப்போது பழுதுபார்க்க ஒன்றுமில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார். காலர் நைந்தே இருக்கிறது. "கழட்டிக் குடுங்க, திருப்பித் தச்சுத் தர்றேன்" என்றேன். வேண்டாம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அத்தான் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தபோது பேசிக்கொண்டே இருந்தார். என் காது அப்போதே போய்விட்டது. "கேக்கல, எழுதிக் காட்டுங்க" என்று சொல்ல எனக்கு வெட்கம். அவர் வாய் அசையும்போதெல்லாம் தலையாட்டினேன். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. எனக்குக் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். இருந்தும் பேசினார். உங்கள் இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வா என்று எழுத மாட்டேன். அங்கேயே இரு என்றும் எழுத மாட்டேன். முதல் தடவை பிடுங்கி அனுப்பியதே போதும்.

பங்கில் உனக்குக் கேட்டதையும் நீ குரல் கொடுக்காததையும் நான் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தையே கொடுத்துவிட்டேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

இதை எழுதி முடித்ததும் அடியில் இடம் விட்டு அவர் கையில் கொடுத்து, அவரையே தபாலில் சேர்க்கச் சொல்லப் போகிறேன். எழுதினால் எழுதியபடி வரும். எழுதாவிட்டால் வெறுமனே வரும். மேலே நான் போட்ட தேதியையும் உறைமேல் தபால்காரர்கள் குத்திய தேதியையும் பார்த்துக்கொள். எத்தனை நாள் யோசித்தார் என்று தெரியும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

அக்கா

*ஆகஸ்ட் 2. நீயே ஓட்டு. நான் பின்னால் உட்கார்கிறேன். இறங்கினால் சொல்கிறேன்.*